நிலக்கரிக்குக் கணக்கு எழுதியவர்

எகனாமிக் டிஸ்பாட்ச் கணக்கு போடாமல் நம்ம டிபார்ட்மெண்ட்டிலிருந்து யாரும் டிகிரி வாங்கிட்டுப் போக முடியாது. மூணு அனல்மின் யூனிட் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காஸ்ட் கர்வ் கொடுத்திருப்பாங்க. ஒரு மாறிலி, மெகாவாட்டோடு பெருக்க ஒரு எண், மெகாவாட்டின் வர்க்கத்தோடு பெருக்க இன்னொரு எண். ஏ, பி, சி மூணும் கேள்வித்தாளிலேயே இருக்கும். நாம லாம்டாவைக் கண்டுபிடிச்சு, எந்த யூனிட் எவ்வளவு ஓடணும்னு எழுதி, பதிமூணு மார்க்கை வாங்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். சில கணக்குகளில் பக்கத்திலேயே ஒரு எமிஷன் கர்வும் இருக்கும். அதுக்கும் இதே மாதிரி சில எண்கள்.

அந்த எண்கள் எங்கேயிருந்து வந்தன என்று எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? யாரோ ஒருத்தர் ஒரு பாய்லர் பக்கத்தில் நின்று, வெவ்வேறு லோடில் எவ்வளவு கரி போகுதுன்னு அளந்திருக்கணும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு வளைகோட்டைப் பொருத்தியிருக்கணும். அந்தக் கோட்டை ஒரு தரப்பு ஒத்துக்கொண்டிருக்கணும், இன்னொரு தரப்பு சண்டை போட்டிருக்கணும். ஏன்னா அதில் பணம் இருக்கு.

இந்த வேலையைத் தன் பிழைப்புக்காகவே செய்ய வேண்டி வந்த ஆரம்பகால ஆட்களில் ஒருத்தர் உங்களுக்கு நல்லாத் தெரிந்தவர். உங்க ரூம் ட்யூப்லைட் மேல் அவர் பெயர்தான் எழுதியிருக்கு. ஜேம்ஸ் வாட்.

கெட்டில் மூடி ஆடுவதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடிச்சார் என்று ஸ்கூலில் படிச்சிருப்பீங்க. அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்க. வாட் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முன்னாடியே, 1712-ல், தாமஸ் நியூகாமன் செய்த எஞ்சின் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கிவிட்டது. சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைப்பதுதான் அதன் வேலை. வாட் செய்தது வேறு. அந்த எஞ்சின் தின்னுகிற கரியைக் கணக்குப் பார்த்தார்.

வாட் 1736 ஜனவரி 19 அன்று ஸ்காட்லாந்தில் கிரீனக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிற பையன். தலைவலி அவரைக் கடைசிவரை விடவில்லை. லண்டனில் ஒரு வருஷம் அளவுக்கருவிகள் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு கிளாஸ்கோ திரும்பினார். 1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை வைக்க இடம் கொடுத்தது. தராசு, திசைகாட்டி, வானியல் கருவிகள் என்று பழுது பார்ப்பார். நம்ம காலேஜ் லேப்பில் எதைக் கொடுத்தாலும் சரி பண்ணித் தருகிற லேப் டெக்னீஷியன் அண்ணன் ஒருத்தர் இருப்பார் இல்லையா, கிட்டத்தட்ட அந்த இடம்தான்.

1763-64 குளிர்காலத்தில் வகுப்பறைக்காக வைத்திருந்த ஒரு குட்டி நியூகாமன் எஞ்சின் மாடல் அவரிடம் ரிப்பேருக்கு வந்தது. சரி செய்தும் சில ஸ்ட்ரோக் ஓடிவிட்டு நின்றுபோனது. பாய்லரில் நீராவி தீர்ந்துவிடுகிறது. இன்னொருத்தராக இருந்தால் பாய்லரைப் பெரிசாக்கியிருப்பார். வாட் அளக்க ஆரம்பித்தார். எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது, ஒரு ஸ்ட்ரோக்குக்கு எவ்வளவு நீராவி போகிறது, சிலிண்டரின் கொள்ளளவுக்கு அது எத்தனை மடங்கு என்று ஒவ்வொன்றாக எழுதினார். உள்ளே போன நீராவியில் நான்கில் மூன்று பங்கு எந்த வேலையும் செய்யாமல் வீணாகிறது என்று தெரிந்தது.

காரணம் எளிது. நியூகாமன் எஞ்சினில் நீராவி சிலிண்டருக்குள் நிரம்பியதும் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஆனால் அதே தண்ணீர் சிலிண்டரையும் குளிரவைத்துவிடும். அடுத்த ஸ்ட்ரோக்கில் வருகிற நீராவி முதலில் இரும்பைச் சூடாக்கணும், பிறகுதான் வேலை. 1765-ல் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்துபோகும்போது விடை கிடைத்தது. நீராவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துவிடலாம். சிலிண்டர் எப்போதும் சூடு, கண்டன்சர் எப்போதும் குளிர்ச்சி. இன்றைக்கு அனல்மின் நிலையத்துக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனால் டர்பைனுக்குக் கீழே நீங்க பார்க்கிற கண்டன்சர் இதன் வாரிசுதான். அதில் வெற்றிடம் கொஞ்சம் குறைந்தாலும் அந்த யூனிட்டின் முழு காஸ்ட் கர்வும் மேலே ஏறிவிடும்.

இந்த இடத்தில் இன்னொருத்தரை அறிமுகப்படுத்தணும். ஜோசப் பிளாக். அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லித்தந்தவர். நீராவியில் வெப்பம் மறைந்திருப்பது வாட்டுக்குத் தன் சோதனைகளில் தெரிந்தபோது, அதை உள்ளுறை வெப்பம் என்று விளக்கியவர் இவர். வாட்டுக்குப் பணமும் கடன் கொடுத்தார். பிளாக்கைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், ஞாபகம் வச்சுக்கோங்க.

ஐடியா 1765-ல் வந்தது. ஓடுகிற எஞ்சின் வர இன்னும் பதினோரு வருஷம் ஆனது. காற்றுப் புகாதபடி சிலிண்டரைக் குடைய அப்போது யாருக்கும் தெரியாது. 1769-ல் காப்புரிமை கிடைத்தது, வருமானம் கிடைக்கவில்லை. வீட்டில் குழந்தைகள். கால்வாய்களுக்கு சர்வே எடுக்கிற வேலைக்குப் போனார். 1773-ல் ஸ்காட்லாந்தின் மலைப் பகுதியில் சர்வேயில் இருந்தபோது, பிரசவத்தில் மனைவி மார்கரெட்டின் நிலைமை மோசம் என்று செய்தி வந்தது. அவர் வந்து சேர்வதற்குள் மார்கரெட் இறந்துவிட்டார். அதே வருஷம் பணம் போட்ட பங்குதாரர் ஜான் ரோபக் திவாலானார். அவருடைய பங்கை பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் எடுத்துக்கொண்டார். வாட் பர்மிங்ஹாம் போனார். 1775-ல் நாடாளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. பீரங்கி குடைய ஜான் வில்கின்சன் செய்திருந்த இயந்திரம் சிலிண்டர் பிரச்சினையைத் தீர்த்தது. 1776-ல் முதல் எஞ்சின்கள் ஓடின.

இனிமேல்தான் நம்ம விஷயம்.

போல்டனும் வாட்டும் எஞ்சினை விற்கவில்லை. பொருள்களுக்கான செலவு வாங்குபவருடையது. இவர்கள் வரைபடம், முக்கியமான சில பாகங்கள், பொருத்திக்கொடுக்க ஆள் எல்லாம் தருவார்கள். கட்டணம் என்ன தெரியுமா? பழைய நியூகாமன் எஞ்சினோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமாகிறதோ, அந்தக் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. கேட்க ரொம்ப நியாயமா இருக்கு. கார்ன்வால் பகுதியின் தாமிர, வெள்ளீயச் சுரங்கக்காரர்களுக்கு இது பிடித்தும் போனது. அவர்கள் ஊரில் கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வரணும். சுரங்கம் ஓடுவதும் மூடுவதும் கரிச் செலவைப் பொறுத்துத்தான்.

ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எரித்த கரியை எடை போடலாம். எரிக்காத கரியை எப்படி எடை போடுவது? மிச்சமான கரி யார் கண்ணுக்கும் தெரியாது. அதை மதிப்பிடத்தான் முடியும். பழைய எஞ்சின் இதே வேலையைச் செய்திருந்தால் எவ்வளவு எரித்திருக்கும் என்று ஒரு கணக்கு வேண்டும்.

அதற்காக 1778-ல் போல்டைஸ் என்ற சுரங்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நியூகாமன் எஞ்சின்களைச் சோதித்துப் பார்த்தார்கள். அளவுகோல் இதுதான்: ஒரு புஷல் கரியை எரித்தால் எத்தனை பவுண்டு தண்ணீரை ஒரு அடி உயரம் தூக்க முடியும்? இதற்கு டூட்டி என்று பெயர். நம்ம ஹீட் ரேட்டைத் தலைகீழாகப் போட்டால் வருவது. விடை ஏறக்குறைய 70 லட்சம் வந்தது. இன்றைய அலகில் போட்டுப் பார்த்தால், கரியில் இருந்த ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. வாட்டின் எஞ்சின்கள் 2 கோடியை ஒட்டி வந்தன.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். புது எஞ்சினின் டூட்டி 2 கோடியே 10 லட்சம், பழையது 70 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்க. புதியது 100 புஷல் எரித்தால் அதே வேலைக்குப் பழையது 300 எரித்திருக்கும். மிச்சம் 200. அதில் மூன்றில் ஒன்று, கிட்டத்தட்ட 67 புஷலின் விலை, வாட்டுக்கு. இப்போது பழைய எஞ்சினின் உண்மையான டூட்டி 80 லட்சம் என்று யாராவது நிரூபித்துவிட்டால்? பழையது எரித்திருக்கக்கூடியது 262 புஷல்தான். வாட்டுக்குக் கிடைப்பது 54. எஞ்சினில் ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை. மதிப்பீடு மாறியதற்கே வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இதனால்தான் ஏ, பி, சி-யை யார் அளந்தார்கள் என்ற கேள்வி முக்கியமாகிறது.

வேலையின் அளவைத் தெரிந்துகொள்ள எஞ்சினின் பெரிய உத்திரத்தில் வாட் ஒரு கவுண்ட்டர் பொருத்தினார். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஒரு எண் நகரும். சுரங்கக்காரர்கள் கை வைக்காதபடி அந்தப் பெட்டிக்குப் பூட்டு. இன்றைக்கு உங்க வீட்டு ஈபி மீட்டருக்கு சீல் வைத்திருக்கிறார்களே, அதே நியாயம்தான்.

பூட்டு போட்டாலும் சண்டை நிற்கவில்லை. புஷல் என்பது எடை இல்லை, கொள்ளளவு. ஈரக் கரியும் காய்ந்த கரியும் ஒரே புஷலில் ஒரே வெப்பத்தைத் தராது. நல்ல ஆள் அடுப்பைப் பார்த்தால் ஒரு கணக்கு, கவனமில்லாதவர் பார்த்தால் வேறொரு கணக்கு. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அந்த ஒற்றை எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. டூட்டி ஒரே எண் என்று சொன்னால், வேலை பாதியானால் கரியும் பாதியாகணும். கிராஃபில் அது ஆரிஜின் வழியே போகிற நேர்கோடு. உண்மையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் பாய்லரைச் சூடாகவே வைத்திருக்கணும், சுவர் வழியே வெப்பம் போய்க்கொண்டேதான் இருக்கும். வேலையே செய்யாவிட்டாலும் கொஞ்சம் கரி போகும். கோடு ஆரிஜினில் தொடங்காது, அதற்கு மேலே தொடங்கும். நம்ம கர்வில் இருக்கிற ஏ அதுதான். நூறு வருஷம் கழித்து பீட்டர் வில்லன்ஸ் நீராவிச் செலவை லோடுக்கு எதிராக வரைந்து இதைத் தெளிவாகக் காட்டினார். தெர்மல் புத்தகத்தில் வில்லன்ஸ் லைன் என்று படிச்சிருப்பீங்க.

வருஷங்கள் போகப் போக சுரங்கக்காரர்களுக்குக் கசப்பு ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எஞ்சின்களே இல்லை. யாரும் எரிக்கப்போகாத கரிக்கு ஏன் மாதாமாதம் பணம் கட்டணும்? 1780-களில் தாமிர விலையும் விழுந்தது. பல இடங்களில் கணக்குப் பார்க்கிற முறையையே விட்டுவிட்டு வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்தார்கள். சிலர் கட்டவே மறுத்தார்கள். காப்புரிமை வழக்குகள் 1799 வரை இழுத்தன. வாட் ஜெயித்தார். அதே காப்புரிமையை வைத்து ஜோனதன் ஹார்ன்புளோயர் போன்றவர்களின் புது எஞ்சின்களைத் தடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். சுரங்கக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, வாட் பக்கமும் நியாயம் இருந்தது.

சக்கரம் சுற்றும் எஞ்சின்கள் வந்தபோது இந்தக் கணக்கு உதவவில்லை. மில்களில் பழைய எஞ்சினே கிடையாது, குதிரைதான். அதனால் ஒரு குதிரையின் வேலை நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வாட் நிர்ணயித்தார். ஒரு குதிரைத்திறனுக்கு வருஷத்துக்கு லண்டனில் 6 பவுண்டு, வெளியூரில் 5 பவுண்டு கட்டணம். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே தொகை. இப்போதைய மின் கொள்முதல் ஒப்பந்தங்களில் ஃபிக்ஸட் சார்ஜ் என்று படிக்கிறோமே, அதன் தாத்தா இது.

1796-ல் அவருடைய உதவியாளர் ஜான் சதர்ன், வாட்டின் அழுத்தமானியில் நகரும் பலகையையும் பென்சிலையும் சேர்த்தார். எஞ்சின் தானே தன் அழுத்தத்தையும் கொள்ளளவையும் காகிதத்தில் வரைந்தது. பி-வி டயகிராம். உள்ளே இருக்கிற பரப்பளவுதான் வேலை. கம்பெனி இதைப் பல வருஷம் ரகசியமாகவே வைத்திருந்தது.

சரி, எமிஷனுக்கு வருவோம். வாட் அதையும் விட்டுவைக்கவில்லை. 1785-ல் புகையை எரிக்கும் அடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார். புதுக் கரியை அடுப்பின் முன்பக்கம் போடணும். அதிலிருந்து கிளம்புகிற புகை, பின்னால் தணலாக இருக்கும் கரியின் மேல் புதுக் காற்றோடு சேர்ந்து போகும்போது எரிந்துவிடும். ஊர் மக்களின் எரிச்சலும் குறையும், கரியும் மிச்சம். கறுப்புப் புகை என்பது எரியாமல் போகிற எரிபொருள்தானே? இங்கே காஸ்ட் கர்வும் எமிஷன் கர்வும் ஒரே பக்கம் இறங்குகின்றன. செலவைக் குறைத்தால் புகையும் குறையும். இப்படி இருக்கும்போது நல்லவராக இருப்பது சுலபம்.

எல்லா வாயுவும் இப்படி ஒத்துப்போகாது. சல்ஃபர் டை ஆக்சைடு கரியில் இருக்கிற கந்தகத்தைப் பொறுத்தது. அதன் கர்வ் எரிபொருள் கர்வின் சாயலிலேயே இருக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகள் தீயின் சூட்டையும் காற்றின் அளவையும் பொறுத்தவை. அதனால் அவற்றின் கர்வ் வேறு வடிவம். செலவு குறைவான லோடு பங்கீடும் நாக்ஸ் குறைவான பங்கீடும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் நம்ம கணக்கில் பிரைஸ் பெனால்டி ஃபேக்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு கிலோ நாக்ஸுக்கு இத்தனை ரூபாய் என்று விலை போட்டு, இரண்டு கர்வையும் ஒன்றாகக் கூட்டுகிறோம்.

இப்போது ஜோசப் பிளாக்கிடம் திரும்புவோம். 1750-களில் அவர் கண்டுபிடித்த ஒரு வாயுவுக்கு நிலைத்த காற்று என்று பெயர் வைத்திருந்தார். மூச்சு விடும்போது வரும், அடுப்புக்கரியை எரித்தாலும் வரும் என்றும் காட்டினார். அதுதான் கார்பன் டை ஆக்சைடு. அதாவது வாட்டுக்குக் கடன் கொடுத்த நண்பர்தான் அந்த வாயுவையே உலகத்துக்குச் சொன்னவர். புகையை எவ்வளவு நன்றாக எரிக்கிறோமோ அவ்வளவு அதிகமாக இது வெளியே போகும். நிறம் இல்லை, வாசனை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்க மாட்டார், யாரும் காசு கேட்க மாட்டார்கள். கரியை ஒவ்வொரு புஷலாக எண்ணிய மனிதர் இதை எண்ணவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அப்போது எண்ணுவதற்கு யாருக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை.

வாயுக்களை அளக்க அவருக்கு ஒரு காரணம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1794-ல் இரண்டாவது மனைவி ஆனிடம் பிறந்த மகள் ஜெஸ்ஸி காசநோயில் இறந்தாள். வயது பதினைந்து. வாயுக்களை மூச்சில் இழுத்தால் நுரையீரல் நோய் குணமாகுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் தாமஸ் பெடோஸுக்காக, வாயு தயாரித்து அளந்து பைகளில் அடைத்துத் தரும் கருவிகளை வாட் வடிவமைத்தார். இருவரும் சேர்ந்து புத்தகமும் வெளியிட்டார்கள். மருந்து பலிக்கவில்லை. 1804-ல் மகன் கிரெகரியும் அதே நோயில் போய்விட்டான்.

1800-ல் காப்புரிமை முடிந்ததும் வாட் தொழிலிலிருந்து ஒதுங்கினார். வீட்டு மாடியறையைப் பட்டறையாக்கி, சிலைகளைப் பிரதியெடுக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தார். 1819 ஆகஸ்ட் 25 அன்று இறந்தபோது வயது 83. அந்தப் பட்டறை இப்போது லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. 1882-ல் திறனின் அலகுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அவர் உயிரோடு இருந்தபோதே கார்ன்வாலில் இன்னொன்று நடந்தது. காப்புரிமைச் சண்டையெல்லாம் ஓய்ந்தபின், 1811-ல், ஜோயல் லீன் என்பவர் அங்கே ஓடும் எஞ்சின்களின் டூட்டியை மாதாமாதம் அச்சிட்டு வெளியிட ஆரம்பித்தார். எந்தச் சுரங்கம், எவ்வளவு கரி, எத்தனை ஸ்ட்ரோக் என்று எல்லாம் ஊருக்கே தெரிந்தது. பூட்டிய பெட்டி திறந்த பட்டியலானது. எஞ்சினியர்கள் ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பார்த்தார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் சராசரி டூட்டி இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

வாட்டின் வாழ்க்கையில் நான் பார்க்கிறது இதைத்தான். யாராவது பணம் கட்ட வேண்டியிருந்த இடத்தில் கர்வ் வந்தது. யாரும் கட்ட வேண்டியில்லாத இடத்தில் வரவே இல்லை. அடுத்த வருஷம் நம்மில் சிலர் ஏதாவது ஒரு பிளாண்ட்டில் டிரெயினியாக நிற்போம். ஐந்தாறு லோடில் யூனிட்டை நிலையாக நிறுத்தி, கரியின் அளவையும் அதன் வெப்ப மதிப்பையும், சிம்னி வாயுவையும் குறித்து, லீஸ்ட் ஸ்கொயர்ஸில் போட்டு எண்களை எடுக்கச் சொல்வார்கள். கோட்டை விட்டு விலகி நிற்கிற ஒரு புள்ளி வரும். அதை அழித்தால் கர்வ் அழகாக வரும், மேலே இருப்பவர்களுக்கும் பிடிக்கும். அழிக்கும் முன்னாடி, அந்தப் புள்ளி ஏன் அங்கே இருக்கிறது என்று பாய்லர் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க.